கல்லேரிமேட்டில் வண்டி நிற்குமா?

ரயில் புறப்பட்டுவிட்டது. நான் அதில் இருந்தேன்.

ரயிலில் ஒருவன் இருப்பது ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். நான் டிக்கெட் விற்கிறவன். என் கவுன்ட்டர் கீழே பிளாட்பாரத்தில் இருந்தது. அதன் சாவி என் இடுப்பில் இருந்தது. ஆளில்லாத நேரத்தில் கவுன்ட்டரைத் திறந்து போடக்கூடாது என்பது விதி. நான் விதிப்படி நடக்கிறவன். ஆகவே பூட்டிய கவுன்ட்டருக்கு முன்னால் பதினோரு பேர் கையில் சில்லறையோடு வரிசையாக நின்று, நான் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. மலைமேல் இருக்கும் அத்திமூலை கிராமத்து அர்ச்சுனன் கையை உயர்த்தி ஆட்டினார். "பத்திரமா போய்ட்டு வாங்க!" என்று அவர் கத்தியது நன்றாகவே கேட்டது.

நான் ஏன் ஏறினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு முன்புவரை வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே ஓடும் வண்டி எங்கள் கல்லேரிமேட்டைக் கண்டால் வேகத்தைக் கூட்டும். பிறகு, "சோதனை அடிப்படையில் ஆறு மாதம் நிற்கும்" என்று ஓர் உத்தரவு வந்தது. தரையோடு தரையாக ஒரு பிளாட்பாரம், ஒரு தகரக் கூரை, ஒரு வேப்பமரம், கமிஷனுக்கு டிக்கெட் விற்க ஒரு ஏஜென்ட். அந்த ஏஜென்ட் அடியேன், பாண்டுரங்கன். அதற்கு முன் ரீசார்ஜ் கடை வைத்தேன், கோழிப் பண்ணை வைத்தேன். கோழிகளே என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டன. நாற்பத்தாறு வயதில் என் பெயருக்குப் பின்னால் ஒரு வேலை ஒட்டிக்கொண்டது இந்த வண்டியால்தான்.

"வேலைன்னு சொல்லாத, கமிஷன்னு சொல்லு" என்பாள் என் மனைவி சரிதா. ஆனால் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுப்பதும் அவள்தான்.

அந்த ஆறு மாதம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் பேப்பரில் ஒரு செய்தி. வண்டியைத் திருவண்ணாமலையைத் தாண்டி இன்னும் இரண்டு ஊர்களுக்கு நீட்டப்போகிறார்களாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டீக்கடையில் உடனே சொல்லிவிட்டார்கள்: "தூரம் கூடினா நேரம் மிச்சம் பண்ணணும் இல்ல? சின்ன ஸ்டாப்பெல்லாம் காலி."

போளூர் ரயில்வே ஆபீசிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை வண்டியில் அதிகாரி பார்த்திபன் வந்து ஆய்வு செய்வார். அவ்வளவுதான் எழுதியிருந்தது. என்ன ஆய்வு என்று கேட்க எனக்கு என்ன பைத்தியமா? ஆள் எண்ணத்தான் வருகிறார்.

செவ்வாய்க்கிழமை வண்டி வந்து நின்றது. கடைசிப் பெட்டி வாசலில் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தார். நான் கவுன்ட்டரைப் பூட்டிவிட்டு, மலையிலிருந்து வந்த சீத்தாப்பழம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு வணக்கம், ஒரு பை, ஒரு கேள்வி. அரை நிமிடத்தில் இறங்கிவிடலாம் என்று படியில் ஏறினேன்.

வண்டி அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

"சார், வணக்கம். கல்லேரிமேடு ஏஜென்ட்."

"வண்டியில இன்னா பண்றீங்க?" என்றார் பார்த்திபன். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான் போல.

"உங்களப் பாக்க வந்தேன் சார். இது பழம்."

"பழமெல்லாம் வாங்கக் கூடாது. உங்க டிக்கெட் எங்க?"

யோசித்துப் பார்த்தேன். உலகத்தில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட டிக்கெட் ஏஜென்ட் நானாகத்தான் இருப்பேன். சட்டைப் பையில் டிக்கெட் கட்டு இருந்தது. அவசரமாக ஒன்றை எடுத்து எனக்கு நானே விற்றுக்கொள்ளப் போனேன்.

"ஓடுற வண்டியில விக்கக் கூடாது," என்றார்.

கட்டைத் திரும்பப் பையில் போட்டேன். "சார், தினமும் நெறைய பேரு ஏறுவாங்க சார்."

"இன்னைக்கி?"

"இன்னைக்கி... நான் ஏறினேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் ஏதோ எழுதினார்.

"வண்டி நிக்குமா சார்? வெள்ளிக்கெழமைக்கு அப்பால?"

"வண்டி நிக்கறதத்தான பாத்துக்கினு கீறேன்," என்று அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, அபராதம் கட்டி, பஸ் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்துக் கல்லேரிமேடு வந்து சேர்ந்தபோது மணி பத்து. கவுன்ட்டர் படியில் நதியா உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அர்ச்சுனனின் மகள். விடியற்காலை பால் வேனில் மலையிலிருந்து இறங்கி, இந்த வண்டியில் வேலூருக்குப் போய் லேப் டெக்னீசியன் படிக்கிறாள். போன வருஷம் ஹாஸ்டலில் விட்டார்கள். ஒரு மாதத்தில் காய்ச்சலோடு திரும்பி வந்து, போகமாட்டேன் என்றுவிட்டாள். வண்டி நிற்க ஆரம்பித்த பிறகுதான் மறுபடியும் சேர்ந்தாள். வண்டி நின்றால் படிப்பு. நிற்காவிட்டால் அப்பாவோடு சாமை வயல்.

"ஏம்மா, டிக்கெட் இல்லன்னா இன்னா, ஏறிப் போயிருக்கலாம் இல்ல?"

"நீங்கதான அண்ணா சொன்னீங்க, டிக்கெட் இல்லாம ஏறினா நேரா வேலூர் ஜெயில்னு?"

சொன்னேன். முதல் வாரம் அத்திமூலைக்காரர்கள் அத்தனை பேரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் சொன்னேன். நான் இதுவரை செய்த சொற்பொழிவுகளில் பலித்தது அது ஒன்றுதான்.

"பஸ்ஸுல போயிருக்கலாமே?"

"போய்ச் சேர பதினொன்றரை ஆகும். லேப்ப பூட்டிடுவாங்க. பரவால்ல அண்ணா, நீங்க இன்னா வேணும்னேவா போனீங்க?"

அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆக, முதல் நாள் கணக்கு: ஏறியவர் ஒருவர், அவரும் டிக்கெட் இல்லாதவர். அத்திமூலையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறினால்தான் போன் எடுக்கும். சாயங்காலம் அர்ச்சுனன் ஏறும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"நாளைக்கி ஆளுங்கள இட்டுக்கினு வாங்க."

"எத்தினி பேரு?"

"எல்லாரையும்! ஸ்டேஷன் நெறஞ்சி வழியணும். நதியா படிப்பு இதுலதான் கீது."

"அவ்ளோதான? வந்துட்றோம்," என்றார் அர்ச்சுனன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

புதன்கிழமை காலை பால் வேனும் இரண்டு ஜீப்புகளும் வந்து நின்றன. நாற்பத்து மூன்று பேர். வேட்டி வெளுத்திருந்தது, தலையில் எண்ணெய் பளபளத்தது, குழந்தைகள் திருவிழாச் சட்டையில் இருந்தார்கள். என் கண்ணே கலங்கிவிட்டது. கவுன்ட்டரைத் திறந்து, டிக்கெட் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நதியா வந்து ஒரு டிக்கெட் வாங்கினாள்.

அதன்பிறகு யாரும் வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். பெண்கள் நதியாவுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பூ வைத்தாள். ஒரு கிழவர் அவள் கையில் வறுத்த கொள்ளுப் பொட்டலத்தைத் திணித்தார். நதியா வெட்கத்தில் பையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"அர்ச்சுனா, இன்னா நடக்குது?"

"வழியனுப்புறோம்."

"தினமும்தான போவுது அந்தப் பொண்ணு!"

"நீங்கதான படிப்பு இதுலதான் கீதுன்னு சொன்னீங்க? பரீட்சையோ இன்னாவோன்னு ஊரே வந்துட்டாங்க. எங்க பக்கம் ஒருத்தர் முக்கியமா வெளிய போனா ஊரு மொத்தமும் வந்து அனுப்பணும். பாதி பேரு வந்து அனுப்புனா பாதி வழிதான் போவாங்க."

"தினமும் ஏறுற பத்து பேரு எங்க?"

"அதோ. அவுங்களும் வழியனுப்ப நிக்கிறாங்க. இன்னைக்கி யாரும் கூடப் போகக் கூடாது இல்ல?"

வண்டி வந்தது. நாற்பத்திரண்டு பேர் ஒதுங்கி வழிவிட, நதியா ஒருத்தி, கல்யாணப் பெண் மாதிரி ஏறினாள். குலவைச் சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்தது. பார்த்திபன் வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இவங்கள்லாம் ஏறலியா?"

"வழியனுப்ப வந்தவங்க சார்."

"இவங்களுக்கு பிளாட்பாரம் டிக்கெட்?"

"இந்த ஹால்ட்டுல பிளாட்பாரம் டிக்கெட்டே குடுக்கல சார். பிளாட்பாரமே இப்பத்தான் குடுத்தாங்க."

அவர் சிரித்த மாதிரி இருந்தது, இல்லாமலும் இருக்கலாம். எழுதினார். வண்டி போய்விட்டது.

கடைசிப் பெட்டியில் கார்டு காந்தா கொடியோடு நின்றிருந்தார். ஆறு மாதமாகத் தினமும் பார்க்கிற முகம். "அம்மா, வண்டி நிக்குமா?" என்று பின்னாலேயே ஓடிக் கேட்டேன்.

"இப்ப போவுது!" என்று கத்தினார். எப்போது கேட்டாலும் இப்படித்தான். நிற்கும்போது கேட்டால், "இப்ப நிக்குது இல்ல?" என்பார்.

அர்ச்சுனன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "நல்லா அனுப்பினோமா?"

நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி ஆளை எண்ணுகிறார், ஏறினால்தான் கணக்கு, நாளை கடைசி நாள், யாரும் ஏறாவிட்டால் வண்டி நிற்காது, நதியா போக முடியாது. ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்டது.

"அதனால நாளைக்கி எல்லாரும் ஏறணும்."

"ஏறி எங்க போறது?" என்றார் பாஞ்சாலை. அத்திமூலையில் வயதில் எல்லோருக்கும் மூத்தவர் அவர்தான். ஊரே அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும்.

"எங்கியாச்சும் போங்க பெரியம்மா! அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிக்கினாலும் சரி."

"வேல இல்லாத எடத்துக்கு எதுக்குப் போவணும்? அங்க போயி இன்னா சொல்றது, சும்மா வந்தோம்னா? திருட வந்தவன்னு நெனைக்க மாட்டானா?"

வீட்டுக்குப் போய்ச் சரிதாவிடம் சொன்னேன்.

"நீ ஏன்யா பொய்யா ஆள ஏத்தப் பாக்குற?" என்றாள் அவள். "வேலூர்ல உங்களுக்கு வேல எதுனா கீதான்னு கேட்டியா?"

"கேக்கல."

"மொதல்ல அத கேளு. அப்பால அழு."

மறுபடியும் பாறை, மறுபடியும் போன். அர்ச்சுனன் ஊரைக் கூட்டிக் கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். அவர் குரலே மாறியிருந்தது.

"ரங்கா, இது இன்னா அநியாயமா கீது! எல்லாருக்கும் வேல கீது!"

குப்பனுக்கு இடது கண்ணில் புரை, மூன்று வருஷமாக. குப்பம்மா மகளை வேலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். பேரன் பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டானாம், இன்னும் பார்க்கவில்லை. நாலு பேருக்குச் சான்றிதழில் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு பேருக்குப் பல். ஒருவனுக்குச் செருப்பு, மலைக்கு வரும் வண்டிக்காரர் கொண்டுவருவது எதுவும் அவன் பாதத்துக்குச் சேருவதில்லை. பாஞ்சாலைக்கு முழங்கால். ஒருவர் மட்டும், "அந்த ஜெயில் எங்கதான் கீதுன்னு பாக்கணும், டிக்கெட்டுக்காரு சொல்லிக்கினே கீறாரே" என்றாராம்.

வருஷக்கணக்காக மலைமேல் ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு, ஒத்திப்போட்டதே மறந்துபோன வேலைகள். ஆறு மாதமாக வண்டி நிற்கிறது. ஆனால் இது தங்களுக்கும்தான் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஜெயிலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினவன் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வியாழக்கிழமை. நாற்பத்து மூன்று பேருக்கும் டிக்கெட் கொடுத்து முடித்தேன். என் வாழ்நாளில் முதல்முறையாகக் கட்டு காலியானது. எல்லோரும் டிக்கெட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், போட்டோ எடுக்கிற மாதிரி. வண்டி வந்தது.

"ஏறுங்க! ஏறுங்க!" என்று கத்தினேன்.

யாரும் ஏறவில்லை.

"இன்னா ஆச்சு?"

"பெரியம்மா இன்னும் ஏறல," என்றார் அர்ச்சுனன்.

அத்திமூலையில் எதிலும் மூத்தவர்தான் முதலில் கால் வைக்க வேண்டும். புது வயலானாலும் சரி, புது வீடானாலும் சரி, விருந்துப் பந்தியானாலும் சரி. ரயிலுக்கு விலக்கு இருப்பதாக யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் பிளாட்பாரமோ தரைமட்டம். வண்டியின் படியோ பாஞ்சாலையின் இடுப்பு உயரம். பாஞ்சாலையின் முழங்காலோ, அதற்காகத்தான் அவர் வேலூருக்கே போகிறார்.

"அந்தக் கதவுல நீங்க ஏறுங்கப்பா! ஏழு கதவு கீது!"

நாற்பத்திரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில், நான் கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டதாகத் தோன்றியது.

பாஞ்சாலை கைப்பிடியைப் பிடித்தார். ஒரு காலைத் தூக்கினார். இறக்கினார். காந்தா விசில் ஊதினார். பிறகு வண்டியின் ஹாரனும் கேட்டது. நான் ஓடிப்போய்க் கவுன்ட்டர் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன். அது மூன்று காலில் நிற்கும் வகை. அதனால் அதை நான் மண்டியிட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பாஞ்சாலை ஸ்டூலில் ஒரு காலை வைத்தார், என் தோளில் ஒரு கையை வைத்தார். மேலே பார்த்தேன். பார்த்திபன் வாசலில் கடிகாரமும் கையுமாக நின்றிருந்தார்.

"ரங்கா," என்றார் பாஞ்சாலை, பாதி ஏறிய நிலையில், "நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் பெரியம்மா! ஏறுங்க!"

"இன்னா சாப்ட்ட?"

"இட்லி! இட்லி சாப்ட்டேன்!"

"எத்தினி?"

"நாலு! பெரியம்மா, காலத் தூக்குங்க!"

ஏறிவிட்டார். அதோடு, அணை திறந்த மாதிரி, மீதி நாற்பத்திரண்டு பேரும் ஏழு கதவிலும் ஏறி உள்ளே போனார்கள். வண்டி கிளம்பியது. பார்த்திபன் நோட்டில் எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, வேறு ஏதோ எழுதுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வண்டியைத் தாமதப்படுத்திவிட்டேன். நேரம் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறவரின் கண் முன்னால், மண்டி போட்டு, ஸ்டூல் பிடித்துத் தாமதப்படுத்தியிருக்கிறேன். மதியம் சரிதா போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே நடந்ததெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"நாலு இட்லியா? ரெண்டுதான தின்ன?" என்றாள் சரிதா.

"பெரியம்மா கவலப்படும்னு சொன்னேன்."

அவள் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

சாயங்கால வண்டியில் ஊர் திரும்பியது. குப்பனுக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன், தேதி எழுதிய சீட்டை எல்லோரிடமும் காட்டினார், அவர் கண்ணுக்கே அது தெரியவில்லை. குப்பம்மாவின் புடவையில் பேரன் துப்பிய பால் கறை இருந்தது. அதைத் துடைக்க விடவில்லை. செருப்புக்காரன் செருப்பைக் கையில் பிடித்திருந்தான், அழுக்காகிவிடுமாம். ஜெயில் பார்க்கப் போனவர், "வெளிய இருந்து பாத்தா நல்லாத்தான் கீது" என்றார். கடைசியில் பாஞ்சாலை, முழங்காலில் புது உறை போட்டுக்கொண்டு, நதியாவின் கையைப் பிடித்து இறங்கினார். என் கன்னத்தைத் தடவினார்.

"நீ நல்லாருப்ப ரங்கா. அடுத்த மாசமும் வரச் சொல்லிக்கிறாங்க. அதுக்கு அடுத்த மாசமும். வண்டிதான் கீதே, இன்னா கவல?"

அவர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். ஒவ்வொருவராக. இந்த வண்டி வந்து என்னை ஒரு மனிதனாக்கியதற்கு நான்தான் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறவனுக்கு நாற்பத்து மூன்று நன்றி. நாளைக்குப் பிறகு வண்டி நிற்காது என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது?

கடைசிப் பெட்டிப் பக்கம் போனேன். காந்தா ஜன்னலில் சாய்ந்திருந்தார்.

"அம்மா," என்றேன். "இந்த ஒரு வாட்டி கிண்டல் வேணாம். வண்டி நிக்குமா, நிக்காதா? நேரா சொல்லிடுங்க. நான் இவங்களுக்குச் சொல்லணும்."

காந்தா கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"யாரு நிக்காதுன்னு சொன்னது? உங்க ஸ்டாப்பு போன மாசமே நிரந்தரம் ஆயிடுச்சாம். இன்னைக்கி காலைல அந்த சாரு என் கேபின்ல உக்காந்துதான் சொன்னாரு. உங்களுக்கு லெட்டர் போளூர்ல இருந்து வரும்."

"அப்ப அவரு மூணு நாளா எண்ணினது?"

"ஆளுங்களயா எண்ணினாரு? வண்டிய நீட்டுறாங்க இல்ல, புது டைம்டேபிளுக்கு ஒவ்வொரு ஊர்லயும் எவ்ளோ நேரம் நிக்கணும்னு பாக்க வந்தவருங்க அவரு. மொத நாளு நீங்க மட்டும் ஏறினீங்க, மறுநாளு ஒரு பொண்ணு. கல்லேரிமேட்டுக்கு அரை நிமிஷம் தாராளம்னு எழுதி வெச்சிருந்தாரு."

"இப்ப?"

காந்தா விசிலை வாயருகே கொண்டுபோய்விட்டு, எடுத்துச் சொன்னார்:

"மூணு நிமிஷம். அந்தப் பெரியம்மா ஏற எவ்ளோ நேரம் ஆச்சோ, அதான் இனிமே டைம்டேபிளு."